பின்னாலேயே வந்த ஆட்டோ

இருபத்திரண்டு வருடம் நான் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனி. மெஷினிலிருந்து விழும் மூடிகளைப் பார்த்து, பிசிறு உள்ளதை ஒதுக்கிப் போடுவது என் வேலை. எட்டு மணி நேரமும் காலில்தான். வீட்டுக்கு வந்தால் தண்ணீர், சமையல், துணி. அப்படிப்பட்டவளிடம் ஒரு சின்னப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தினமும் எக்சர்சைஸ் பண்ணணும்மா" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சினைப்பையில் வந்த புற்றுநோய்க்கு எனக்கு ஆபரேஷன் ஆகி, ஆறு தடவை கீமோ ஏற்றி, எல்லாம் முடிந்தது என்று வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தேன். ஒன்றரை வருடத்தில் அது வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் திரும்பி வந்தது. இந்தத் தடவை டாக்டர் குணமாகும் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் அதோடு வாழ்வதில்லையா, அதுபோல இதோடு வாழப் பழகுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொள்ளுங்கள், கட்டுக்குள் வைத்திருப்போம் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று என் கணவர் கேட்டார். மருந்து கேட்கும் வரைக்கும் என்று பதில் வந்தது. பிறகு எங்களை அந்தப் பெண்ணிடம் அனுப்பினார்கள்.

உடம்பில் இருக்கும் இந்த அசதி தூங்கினால் போகாது, நடந்தால்தான் குறையும் என்று அவள் விளக்கினாள். அசதியில் கிடப்பவளை நடக்கச் சொல்வது, பசியில் இருப்பவளைப் பட்டினி கிடக்கச் சொல்வது போல எனக்குப் பட்டது. பத்து நிமிடத்தில் தொடங்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள். போகப் போக அரை மணி நேரம். நடந்த நாளை எல்லாம் காலண்டரில் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் 'போகப் போக' என்ற சொல்லை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

என் கணவர் மில்லில் இருந்தவர். மில் மூடியபின் ஆட்டோ ஓட்டுகிறார், பெரிய மார்க்கெட் ஸ்டாண்டில். டாக்டர் சொன்னதையெல்லாம் வேத வாக்காக எடுத்துக்கொள்கிறவர். மறுநாள் காலை ஐந்தரைக்கே என்னை எழுப்பி, கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனார். காலையில் அங்கே வண்டி விட மாட்டார்கள் என்பதால் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு, நான் நடப்பதைப் பார்க்க நின்றார். ஊரே நடந்துகொண்டிருந்தது. வெள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிழட்டு சொல்தாக்கள்கூட என்னைத் தாண்டி விறுவிறுவென்று போனார்கள். நான் தலையில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு போனேன்.

அதுகூடப் பரவாயில்லை. எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காலையில் அங்கேதான் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. முதலில் ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நிலைமையில் ஏன் கஷ்டப்படுகிறாய் என்றாள். இன்னும் நாலடி வைத்தால் வேறொருவர், அவருடைய சின்னம்மாவுக்கும் இதே வியாதிதான் என்று தொடங்கினார். சின்னம்மா என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். மூன்றாவதாக வந்தவள் என் தலைமேல் கையை வைத்து, கண்ணை மூடி, அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். நடந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆமென் சொல்லும் வரை நான் அசையாமல் நின்றேன். வீட்டுக்குத் திரும்பியபோது எவ்வளவு நடந்தேன் என்று கணக்குப் பார்த்தால் நாலு நிமிடம்கூடத் தேறாது. ஒரு வாரம் போனேன். அப்புறம் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுத் தெருவிலேயே நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் ஜெபம் செய்ய யாரும் வரவில்லை. ஆனால் கணவர் வந்தார், ஆட்டோவோடு. எனக்குப் பத்தடி பின்னால், முதல் கியரில், டக டக என்று. கால் தடுக்கினால் பிடிக்க, அசந்தால் ஏற்றிக்கொள்ள. ஒரு கல்லைத் தாண்ட நான் வேகத்தைக் குறைத்தால் உடனே பக்கத்தில் வந்து, "ஏறிக்கிறியா?" என்பார். வேகமாக நடந்தால், "மெதுவா, மெதுவா" என்று பின்னாலிருந்து குரல் வரும். காலி ஆட்டோவைப் பார்த்தவர்கள் கை காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு வருமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"வராது. ஆளு இருக்கு. முன்னாடி போவுது பாருங்க."

அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் எங்கோ பார்த்துக்கொண்டு நடப்பேன். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ பாட்டுக்கு நட, நான் பாட்டுக்கு வருகிறேன் என்பார்.

ஆனால் அந்த ஆட்டோவைவிட என்னை வதைத்தது மூன்று வாரக் கணக்குதான். மருந்து ஏறிய அன்று ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் படுத்தால் ஏழாம் நாள்தான் எழுந்திருப்பேன். வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல. எட்டாம் நாள் ஐந்து நிமிடம் நடக்க முடியும், பத்தாம் நாள் பத்து நிமிடம். அப்படியே ஏறி ஏறி இருபது நிமிடத்துக்கு வரும்போது அடுத்த மருந்துக்கு ரத்தப் பரிசோதனை வந்துவிடும். மறுபடியும் படுக்கை, மறுபடியும் ஐந்து நிமிடம். கம்பெனியில் மூடிகளை எண்ணி அட்டைப் பெட்டியில் போட்டு முடிக்கும்போது, யாரோ வந்து அந்தப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போவது போல. ஒரு தடவை கவிழ்த்தால் பொறுக்கிப் போடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கவிழ்ப்பான் என்று தெரிந்தே எப்படிப் பொறுக்குவது?

கோயிலில் கொடுத்த காலண்டரில் நடந்த நாளுக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஐந்து கோடு, பிறகு வெற்றிடம், மூன்று கோடு, மழை, வெற்றிடம், காய்ச்சல், வெற்றிடம். பத்து மூடியில் ஆறு பிசிறாக வந்தால் நாங்கள் மெஷினையே நிறுத்திவிடுவோம். அந்தப் பெண்ணிடம் காட்டினால், "சூப்பர்ம்மா, சூப்பர்" என்றாள். இதில் என்ன சூப்பர் என்று கேட்டேன். சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்த மாதத் தாளைக் கிழித்து அடுப்பு மேடையில் எண்ணெய் துடைத்தேன்.

ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்றபோது வீட்டுக்குள்ளேயே நடந்தேன். வாசல் கதவிலிருந்து பின்கட்டுத் தொட்டி வரை பதினேழு அடி. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தால் நேரம் நகரவில்லை என்பதால் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று மணி முடிய இருபது நிமிடம் ஆகும். நாலாம் நாள் எனக்கே வெட்கமாகிவிட்டது. வாய் அருள் நிறை மரியே சொல்கிறது, மனம் இன்னும் எத்தனை மணி பாக்கி என்று பார்க்கிறது. மாதாவைக் கடிகாரமாக வைத்துக்கொண்டேனே என்று நினைத்து ஜெபமாலையைப் பழைய இடத்தில் மாட்டினேன். அதோடு வீட்டு நடையும் நின்றது.

மழை விட்டபின் ஒரு நாள் சண்டை வந்தது. குடத்தில் பாதிதான் தண்ணீர் இருந்தது. நான் தூக்கினேன். அவர் ஓடிவந்து பிடுங்கினார். தண்ணீர் என் புடவையில் கொட்டியது. தண்ணீர் பாட்டிலை வைத்துக் கையைத் தூக்கி இறக்கு என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், வீட்டில் இருக்கும் குடத்தை நான் தொடக்கூடாது என்றால் இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் குடத்தை மேடையில் வைத்தார். எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நான் இன்னும் உசுரோடதான இருக்கேன். தெருவுல நடக்கவாவது வுடுங்க."

"நடக்க வாணாம்னு யாரு சொன்னது? தனியா வாணாம்ன்றேன்."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே போய் ஆட்டோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலையில் பின்னால் டக டக சத்தம் வழக்கம்போலக் கேட்டது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, மருந்து ஏறிய பன்னிரண்டாம் நாள் என்று நினைவு, நான் மெயின் ரோட்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். விழுப்புரம் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஓர் அம்மா மூன்று கட்டு வாழை இலையோடு இறங்கினாள். காலி ஆட்டோவைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் கட்டை உள்ளே தள்ளினாள். மார்க்கெட்டுக்கு விடுங்க, நேரமாவுது என்றாள். அவர் வழக்கம்போல ஆளு இருக்கு என்றார். அவள் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது கட்டையும் தள்ளினாள். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. நான் திரும்பி வந்து, அவரிடம் சொன்னேன்.

"இட்டுனு போங்க. நான் பத்து நிமிஷத்துல வூட்டுக்குப் போயிடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். அதற்குள் அந்த அம்மா ஏறி உட்கார்ந்து மூன்றாவது கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு வேறு வழியில்லை. போனார். என் போன் ஆட்டோவின் முன் பெட்டியில் இருந்தது என்பது வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைத்தாலும் கவலைப்படவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

வழக்கமாக மருந்துக் கடை மூலையில் திரும்பிவிடுவேன். அன்றைக்குத் திரும்பவில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனேன். கையை வீசி நடந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. ஊரில் காலையில் நடந்துபோகிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவள் என்றுகூட நினைத்திருப்பார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நாட்களில் இருந்த வேகம் காலுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

முதல் கீமோவிலேயே என் உள்ளங்கால்கள் மரத்துப் போனவை. துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பது போல எப்போதும் ஓர் உணர்வு. திரும்பி வரும்போது எங்கேயோ இடது கால் செருப்பு கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு தூரம் அப்படியே நடந்தேனோ. மூச்சு வாங்கி ஒரு சுவரைப் பிடித்து நின்றபோது கீழே பார்த்தேன். நான் வந்த வழியில் சிமெண்டில் சிவப்பாக ஒற்றைக் கால் தடம் பதிந்திருந்தது. உடைந்த ஓட்டுச் சில்லோ கண்ணாடியோ குதிகாலைக் கிழித்திருந்தது. வலி துளியும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பூட்டியிருந்த ஒரு டெய்லர் கடைப் படியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் வந்தார். பதறிப்போய்ப் போனைக் கொடுத்து வீட்டுக்காரருக்குப் பேசுங்கள் என்றார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். என் கணவரின் நம்பர் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடமாக அவர் பேரை அழுத்தித்தானே பேசியிருக்கிறேன். கம்பெனி ஆபீஸ் நம்பர் மட்டும் மனப்பாடமாக இருந்தது. அங்கே பேசி என்ன சொல்வது? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றார். நான், ஆட்டோ வரும் என்றேன்.

வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து. வீட்டுக்குப் போய், நான் இல்லாததைப் பார்த்து, தெருத் தெருவாகச் சுற்றி, கடைசியில் பாலத்துக்கு வந்திருக்கிறார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் கீழே உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரால் என் காலைக் கழுவினார். என்னைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

மூன்று தையல். வெள்ளை அணு குறைவாக இருக்கிற உடம்பு, சீழ் பிடித்தால் ஆபத்து என்று மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். அடுத்த மருந்தை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். எனக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் அரை மணி நேரத்தைத் தொட்டுவிடுவேன் என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன். கிடைத்தது. காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சோறு வடித்தார், ரசம் வைத்தார், தட்டைக் கொண்டுவந்து வைத்தார், போனார். மூன்றாம் நாள் மத்தியானம் தட்டை எடுக்க வந்தவர் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வந்து பாத்தேன், வூட்ல நீ இல்ல. நீ இல்லாத வூடு எப்படி இருக்கும்னு பாத்துட்டேன். எனக்கு அது போதும்."

அவர் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மனது வலித்தது உண்மை. அதே சமயம் எரிச்சலாகவும் இருந்தது. என் வியாதி, என் கால், என் தையல், அதற்கு மேல் அவருடைய பயத்தையும் நான்தான் சுமக்க வேண்டுமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே கோபம் வந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு அந்தப் பிசியோ பெண்ணைப் பார்க்கப் போனேன். இனிமேல் இதெல்லாம் என்னால் ஆகாது என்று சொல்லத்தான் போனேன். சொன்னேன். மூன்று வாரக் கணக்கைச் சொன்னேன், கிழித்த காலண்டரைச் சொன்னேன், குரல் உயர்ந்துவிட்டது. இந்தத் தடவை அவள் சூப்பர் என்று சொல்லவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"எல்லா வாரமும் ஒரே மாதிரி நடக்கணும்னு நான் சொன்னது தப்புதாம்மா. மத்தவங்களுக்கு ஒரு வாரம்னா உங்களுக்கு மூணு வாரம்."

மருந்து ஏறிய முதல் வாரத்துக்கு நடையே வேண்டாம், படுத்தபடி பாதத்தை மடக்கி நீட்டினால் போதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும், அதுவும் கணக்கில் சேர்த்தி என்றாள். இரண்டாம் வாரத்துக்குக் கொஞ்சம், மூன்றாம் வாரத்துக்கு மீதி. பின்னால் வார் வைத்த செருப்புதான் போட வேண்டும், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சரியாகத்தான் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

இப்போது ஆட்டோ வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அவர் என்னோடு நடந்து வருகிறார். அது அவரே எடுத்த முடிவு. எத்தனையோ வருடம் ஆட்டோ ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்த மனிதர். முதல் நாள் எட்டாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். முட்டி வலி இருக்கிறது, இத்தனை நாள் அது தெரியவில்லை. இருபது நிமிடம் நடக்கத் தெம்பு இருக்கிற அபூர்வமான நாட்களில் நான் அவருக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. டீக்கடையில் தெரிந்தவர்களைப் பார்த்தால் பேச நின்றுவிடுவார். நின்றால் என் கால் விறைத்துக்கொள்ளும். நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்றால் கேட்பதில்லை. உங்களுக்கும் சேர்த்து நான் எக்சர்சைஸ் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன் ஒரு நாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் வந்தார்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். குறையவில்லை, வளரவும் இல்லை, அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் நிலைமையில் அது நல்ல செய்தி. எங்கள் வீட்டுக்கு வந்த கணவரின் அக்கா, எல்லாம் நீ விடாமல் நடந்ததால்தான் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் விடாமல் நடக்கவில்லை, விட்டு விட்டுத்தான் நடந்தேன். நடந்ததால் நின்றது என்றால், நாளைக்கு வளர்ந்தால் நான் நடக்காததால் வளர்ந்தது என்று ஆகுமே. இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

நடப்பதால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், மூன்றாம் வாரத்தில் மத்தியானம் படுக்காமல் இருக்க முடிகிறது. சோறு கொஞ்சம் இறங்குகிறது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். அவ்வளவுதான். பழக்கம் ஆகிவிட்டதா என்றால் இல்லை. பழக்கம் என்றால் யோசிக்காமல் செய்வது. எனக்கு ஒவ்வொரு நாளும் யோசித்து, உடம்போடு சண்டை போட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டியிருக்கிறது. பாதி நாள் உடம்புதான் ஜெயிக்கிறது.

போன புதன்கிழமை மருந்து ஏறியது. இன்றைக்கு ஆறாம் நாள். பாதத்தை இருபது தடவை மடக்கி நீட்ட வேண்டும், பதினொன்றில் குமட்டிக்கொண்டு வந்தது, விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தயாராக நின்றார். இன்னிக்கு வாணாம் என்றேன். சரி சரி, உள்ளே போய்ப் படு என்றவரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ எரிச்சல் கிளம்பியது. வாங்க, மருந்துக் கடை வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று படியிறங்கினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். பாதி வழியில் தலை சுற்றியது. திரும்பிவிட்டோம். போய் வர ஏழு நிமிடம் ஆயிற்று.